அத்தை நிறத்தில் ஒரு புட்டி

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் அத்தையின் நிச்சயதார்த்தத்தன்று ஆரணியில் இருந்த உலைமூடிகள் அத்தனையும் சேர்ந்திருந்தாலும் போதியிருக்காது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. நல்ல கருப்பு. கன்னத்தில் கொஞ்சம் பரு வந்து போன வடு, அவ்வளவுதான் குறை. அன்றைக்கு அலங்காரம் செய்ய வந்த பெண் அத்தையை ஒரு பார்வை பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, தன் பெட்டியில் இருந்ததிலேயே வெளுப்பான புட்டியை எடுத்தாள். பூசி முடித்தபோது கழுத்தும் காதும் மட்டுமே அத்தையுடையதாக மிச்சம் இருந்தன. மாப்பிள்ளையின் பெரியம்மா கூடத்துக்கு நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நாங்க பாத்துட்டுப் போன பொண்ணு எங்கம்மா? இது யாரு வந்து குந்திகினு இருக்குது?"

கூடமே சிரித்தது. அப்பாவுக்குப் பட்டுத்தறிதான் உலகம். அவராவது சும்மா இருந்திருக்கலாம். "கான்ட்ராஸ்ட் பார்டர் போட்ட புடவையாட்டம் இருக்குது" என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் அத்தையின் முதல் பேச்சே, வரவேற்புக்கு என் முகத்துக்கு நானே போட்டுக்கொள்வேன், அதுவும் என் நிறத்திலேயே போட்டுக்கொள்வேன் என்பதுதான். உன் நிறத்திலேயே பூசுவதற்குப் பூசாமலே போய்விடலாமே என்று அம்மா கேட்டாள்.

"பரு வடு மறையணும் அண்ணி. நான் மறையக் கூடாது."

கடைத்தெருவில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். எந்தக் கடையிலும் வெளுத்த தோலுக்குத்தான் முகத்தில் பூசும் ஃபவுண்டேஷன் இருந்தது. கடைசியில் போனில் வாங்குவது என்று முடிவாயிற்று. போனைத் திறந்தால் வரிசை வரிசையாக நிற வட்டங்கள். தேன் என்றும் பாதாம் என்றும் காப்பி என்றும் பெயர்கள். அது பலகாரக் கடை என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தைக்கோ எல்லாமே தன் நிறம் என்றும் தோன்றியது, எதுவுமே தன் நிறம் இல்லை என்றும் தோன்றியது.

அப்பா முன்வந்தார். நூலுக்குச் சாயம் போட்டு வளர்ந்த குடும்பம், இது ஒரு பெரிய விஷயமா? "படத்துல ஈரமா இழுத்து வெச்சிருக்கான் பாரு. ஈரத்துல கருப்பாத்தான் தெரியும், காஞ்சா வெளுத்துடும். அதனால உன் கலருக்கு ஒரு படி கருப்பா எடு" என்றார். பட்டு நூலுக்கு அது வேத வாக்கு. அத்தையும் அப்படியே எடுத்தாள்.

பார்சல் வந்தது. பூசினாள். காய்ந்தது. வெளுக்கவில்லை. மாறாக, காயக் காய இன்னும் கருத்தது! பட்டு நூலின் சட்டம் அந்தப் புட்டிக்குத் தெரியாது போலிருக்கிறது.

"ஐயய்யோ, அடுப்புக்குள்ள தலைய வுட்டியா?" என்றாள் அம்மா. அப்பாவுக்குத் திடீரென்று தறியில் அவசர வேலை வந்துவிட்டது.

திறந்த புட்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். கல்யாணமோ நெருங்கிவிட்டது. இன்னொன்றும் தப்பினால் பழையபடி அந்தப் பெட்டிக்காரப் பெண்ணிடம்தான் முகத்தைக் கொடுக்க வேண்டும். "பேஜாரா பூடுச்சு" என்று முனகியபடி அத்தை புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே அப்பா, சென்னைக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்புவதற்காகப் புதுப் புடவையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புடவைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நூலையும் வைத்தார். அது எதற்கு என்று கேட்டாள் அத்தை.

"போனு கலரை மாத்தித்தான் காட்டும். இதே நூலு அவரு கையிலயும் இருக்குது. ரெண்டையும் ஒத்துப் பாத்துப் புரிஞ்சிக்குவாரு."

அத்தை துள்ளி எழுந்தாள். "அண்ணா! பொய் சொல்ற போனு பக்கத்துல இருக்கிறதுக்கும் அதே பொய்யத்தானே சொல்லும்!"

காலை வெளிச்சத்தில் வாசலுக்கு வந்து, தப்பாக வந்த புட்டியிலிருந்தே தாடையோரம் ஒரு கோடு இழுத்து, நன்றாகக் காயவிட்டுப் படம் எடுத்தாள். கோட்டுக்கும் தோலுக்கும் நிறத்தில் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். பிறகு வட்டங்களில் அந்தப் புட்டியின் வட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து அதே தூரம் வெளுப்பை நோக்கி மேலே ஏறினாள். கோட்டில் சிவப்பு ஓடியது, அத்தை தோலில் மஞ்சள் ஓடியது. சிவப்பா மஞ்சளா என்று அம்மாவும் அத்தையும் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மஞ்சள் ஜெயித்தது. காய்ந்தால் கருக்கும் கணக்கு காய்ந்த கோட்டிலேயே அடங்கிவிட்டதால், அந்த வட்டத்தையே எடுத்தாள்.

அடுத்த பார்சல் வந்ததும் அத்தை என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் கழித்து வாசல் வெளிச்சத்துக்கு வந்து முகத்தை நீட்டினாள். "தாடையில ஒரு எடத்துல கோடு போட்டிருக்கேன். எங்கன்னு கண்டுபுடி, ஜல்தி!"

நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. தோற்றுப்போன ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, "அண்ணி, இவளுக்குத் தெரியல! தெரியவே இல்ல!" என்று கத்தினாள். நான் தோற்றதற்கு இவளுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று இன்னும் ஓங்கி அழுதேன்.

வரவேற்பன்று அத்தை அத்தையாகவே இருந்தாள். பரு வடு மட்டும் எங்கோ போயிருந்தது. பெரியம்மா மேடையேறி, முகவாயைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தை விரலால் தடவி விரலையும் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஒட்டவில்லை. "மேக்கப்பே போடாம வந்துட்டியா? ஆனா மூஞ்சி இன்னா பளபளன்னு இருக்குது! எங்க பொண்ணு கெடச்சிட்டாடி!" என்றார். "போட்டிருக்காங்க, நான் பாத்தேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

படம் எடுக்கிறவர் மட்டும் கேமராவுக்குள் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்: "கவலப்படாதீங்கக்கா, ஆல்பத்துல நல்லா வெள்ளையாக்கிடறேன்."

"ஆக்கிப் பாருங்க. அந்த ஆல்பத்த உங்க வூட்லயே வெச்சிக்கங்க" என்றாள் அத்தை.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். மேடையே சிரித்தது, பெரியம்மா கைகூடத் தட்டினார். அம்மா ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பாவம் அந்தப் படக்காரர் என்றிருந்தது. சும்மா கொடுக்கிற வெள்ளையைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத அத்தை இவள் என்று நினைத்தபடி, அவரிடம் போய் என் படத்துக்காவது அதைப் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன்.