இன்னொண்ணு அடிங்க அண்ணே

இசைக்குழுவில் எல்லோரும் அவரை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று அவரும் விட்டுவிட்டார். ஆள் என்னவோ ஒல்லி. ஆனால் ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்து குச்சியை ஓங்கினால் மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிரும். இந்த உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று விழா வீட்டுக்காரர்கள் வந்து அவரைத் தொட்டுப் பார்க்காத குறைதான்.

அந்த இடிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அதே குழுவில் மிக்ஸர் பார்க்கிற சவுண்ட்காரன். கச்சேரி தொடங்குமுன் ஒவ்வொரு ட்ரம்மையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லி மைக்கின் அளவைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஊரில் மற்ற சவுண்ட்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நாலு தட்டு தட்டினால் போதும், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவன் விட்டால்தானே. "இன்னொண்ணு அடிங்க அண்ணே" என்பான். அடித்தால், "இப்ப மெதுவா." அப்புறம், "கொஞ்சம் பலமா." அப்புறம் மறுபடியும், "இன்னொண்ணு." கடைசியில் அவனுக்கே இன்னொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார் இடி. "யோவ், கச்சேரிக்கு முன்னாடியே என் கையை வாங்கிடுவ போலிருக்கே" என்று மேடையிலிருந்து கத்துவார். அவன் காதில் ஹெட்போன் இருக்கும். சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். அப்படி ஒரு கல்லுளிமங்கன்.

கையை வாங்கியது அவனில்லை. வலது மணிக்கட்டில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் வரைக்கும் போனது. தையல் பிரித்த டாக்டர், "வாசிக்கலாம். ஆனா ஓங்கி அடிக்கக் கூடாது. லேசா தட்டுற வேலைன்னா பரவாயில்ல" என்றார். இடிக்கு லேசாகத் தட்டுகிற வேலையா!

குழுவை நடத்துகிறவர் ஒரு பாடகி. எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் கெட்டவரில்லை, ஆனால் பாட்டு விஷயத்தில் தயவுதாட்சண்யம் கிடையாது. "தம்பி, எலக்ட்ரானிக் ட்ரம்ஸ்ல வாசி. லேசா தட்டினா போதுமாமே. அடுத்த கச்சேரி வரைக்கும் பாப்போம். சத்தம் சரியா வரலேன்னா கீபோர்டுல இருக்கிற ரிதத்தைப் போட்டுக்கிட்டு நான் பாட வேண்டியதுதான். என்னைத் தப்பா நினைக்காத" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஒரு கச்சேரிதான் தவணை. அது போனால் மேடையில் அவருடைய நாற்காலியும் போச்சு.

எலக்ட்ரானிக் ட்ரம்ஸ் மச்சான் வீட்டில் இருந்தது. ஆசையாக வாங்கி, அலுத்துப்போய், அதில் ஈரத் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இடியின் மனைவி போய்த் தன் தம்பியிடம் பேசிக் கேட்டு வாங்கி வந்தாள். வட்ட வட்டமாக ரப்பர் பேடுகள், அவற்றோடு ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிதான் மாட்யூல். பேடைத் தட்டினால் சத்தம் கொடுப்பது அதுதான். அதற்குள் இருந்த சத்தங்களை முதல்முறை கேட்டதும் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, வாளி விழுந்துச்சா?" என்றாள்.

நல்ல சத்தம் வேண்டுமென்றால் நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும். நிஜ ட்ரம்ஸை ஒவ்வொரு அடியாக அடித்துப் பதிவு செய்த துண்டுகளை சாம்பிள் என்கிறார்கள். அந்தத் துண்டுகளின் தொகுப்புதான் லைப்ரரி. இணையத்தில் தேடினால் கொட்டிக் கிடக்கிறது. பெரிய ஹாலில் எடுத்தது, மர அறையில் எடுத்தது, பழைய காலத்துத் தோல் ட்ரம்மில் எடுத்தது. மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பது போல இடி ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொன்னார். மருந்துக்கடை வேலை முடிந்து வருகிற மனைவிதான் தீர்ப்பு சொல்கிறவள். "இது தகர டப்பா." "இதுக்கு சளி பிடிச்சிருக்கு." "இது பரவாயில்ல, ஆனா நீங்க இல்ல."

கடைசியில் ஒரு பிரமாண்டமான லைப்ரரி அவர் மனதைப் பறித்தது. ஹெட்போனில் கேட்டால் கோட்டைக் கதவை உடைக்கிற மாதிரி இருந்தது. மெமரி கார்டில் போட்டு மாட்யூலில் சொருகினால், இடமில்லை என்று பெட்டி துப்பிவிட்டது. அவர் பிடிவாதக்காரர் ஆயிற்றே. மெதுவாக அடித்த துண்டுகளையெல்லாம் தூக்கிப்போட்டார். ஒரு ட்ரம்முக்கு ஒரே துண்டு, இருப்பதிலேயே பலமானது, அது போதும் என்று சுருக்கி ஏற்றினார். பெயர் இடி ஆயிற்றே, மெதுவான சத்தம் எதற்கு என்று நினைத்தார் பாவம்.

ஒத்திகையில் மானம் கப்பலேறியது. ஹெட்போனில் கோட்டைக் கதவாக இருந்தது பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது கொழகொழவென்று கலங்கிப்போனது. ஹாலில் எடுத்த எதிரொலியோடு ஒத்திகை அறையின் எதிரொலியும் சேர்ந்துகொண்டது. வேகமாக உருட்டினால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்து தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. அக்கா பாடும்போது பின்னால் திரும்பவே மாட்டார். கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டினால் ட்ரம்ஸ் சரியாக வந்து விழும், அத்தனை வருஷ நம்பிக்கை. அன்றைக்கு ஒரே பாட்டில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். முடிந்ததும், "யாரோ வாசிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். திட்டியிருந்தால்கூட இடி தாங்கியிருப்பார். இன்னொண்ணு வாயே திறக்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நீயாவது இன்னொரு தடவை அடிக்கச் சொல்லக் கூடாதாடா என்று இடிக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் அவன் இடியின் வீட்டு வாசலில் நின்றான். அதுவரை அவர் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. கையில் ஒரு மெமரி கார்டு.

"என்னய்யா இது?"

"நீங்கதான் அண்ணே."

இடிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பேசிப் பழக்கமில்லாதவன் பேசுவது போலத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கச்சேரிக்கு முன்னாடி தனித்தனியா அடிக்கச் சொல்வேன்ல. எல்லாத்தையும் பதிவு பண்ணி வைப்பேன். ஹாலுக்கு ஹால் எப்படி மாறுதுன்னு வீட்டுல போட்டுக் கேப்பேன். உங்களுக்கு ஆபரேஷன்னு சொன்னப்பவே எடுத்து வெட்ட ஆரம்பிச்சேன். மைக்கை ட்ரம்முக்கு ஒட்டி வச்சு எடுத்தது, எதிரொலி இருக்காது. மெதுவா, நடுவா, பலமா, எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் பல அடி இருக்கு, மாறி மாறி வரும்."

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்க பெரிய பெரிய லைப்ரரியா பாத்துட்டு இருந்தீங்க. அது நல்லா வந்துட்டா இது எதுக்குன்னு இருந்தேன்."

இருவரும் சேர்ந்து ஏற்றினார்கள். துண்டுகள் சின்னவை என்பதால் பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. லேசாகத் தட்டினாலே ஓங்கி அடித்த துண்டு ஒலிக்கிற மாதிரி பேடின் உணர்வளவைக் கூட்டி வைத்தான். "இப்ப தட்டுங்க அண்ணே."

தட்டினார், கொசுவை விரட்டுகிற அளவுக்கு. வீட்டு ஸ்பீக்கரிலேயே ஜன்னல் அதிர்ந்தது. அவருடைய ஸ்நேர் ட்ரம்தான். அவருடைய கைதான், கிழியாத கை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்று, "இதுதாங்க நீங்க" என்றாள். இடி அழுதார். மறைக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார், அடுத்ததைத் தட்டினார். ஒரு டாம் ட்ரம்மில் சத்தம் அடங்கும்போது அதன் வாலில் ஒரு குரல் ஒட்டிக்கொண்டு வந்தது: "எத்தனை தடவைய்யா அடிக்கிறது, போதும் விடுய்யா." அவர் குரல்தான்.

"அதை வெட்ட மறந்துட்டேன்" என்றான் இன்னொண்ணு.

"வெட்டாத. ஓரத்துப் பேடுக்குப் போடு."

கச்சேரி அன்று மண்டபத்தில் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். மிக்ஸரிலிருந்து, "இன்னொண்ணு அடிங்க அண்ணே" என்று கேட்டது. இடி ஓரத்துப் பேடைத் தட்டினார். "எத்தனை தடவைய்யா அடிக்கிறது, போதும் விடுய்யா" என்று மண்டபம் முழுக்க அவர் குரல் ஒலித்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள். ஹெட்போனுக்கு நடுவே அந்தக் கல்லுளிமங்கனும் பல்லைக் காட்டினான்.

அப்புறம் கச்சேரி. முதல் பாட்டில் அக்கா முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினார். ட்ரம்ஸ் வந்து விழுந்தது. அவர் திரும்பவில்லை. இரண்டாவது பாட்டிலும் திரும்பவில்லை. மெதுவான பாட்டில் இடி விரல் நுனியால் தொட்டது போல வாசித்தார். அப்போதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாரே ஒழியத் திரும்பவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகுதான் திரும்பினார். "அடுத்தது பெரிய மண்டபம் தம்பி. கையைப் பத்திரமா பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். நாற்காலி இடிக்கே.

எல்லோரும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது இடி மேடையில் உட்கார்ந்து இடது கையால் வயர் சுற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் வயரைத் தொட்டதே இல்லை.

"விடுங்க அண்ணே, அது என் வேலை."

"இருக்கட்டும்யா. உனக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கேன்."

"அடிச்சதெல்லாம் நீங்கதான். நான் பதிவு பண்ணேன், அவ்வளவுதான்."

இடி சுற்றுவதை நிறுத்தினார். "நீ கேக்கலேன்னா நான் ஒண்ணோட நிறுத்தியிருப்பேன்யா" என்றார்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வயரை எடுத்து அவரிடம் நீட்டினான்.