ஜெயராணியின் ஸ்பிரிங் ஸ்பேனர்

என் மனைவி ஜெயராணி சிதம்பரம் புறவழிச்சாலையில் பதினெட்டு வருஷமாக லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறாள். நான் பிச்சாவரத்தில் துடுப்பு போடுகிறவன். இரண்டு பேருக்கும் பிழைப்பு தோளில்தான். போன வருஷம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், இனிமேல் மூச்சைப் பிடித்து எதையும் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடையை மூடிவிடு என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு கடலூருக்குப் போய், பழைய இரும்புக் கடை அப்துல் ஹக் பாயிடமிருந்து ஒரு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம், கைப்பிடியை மெதுவாக இழுத்தால் போதுமாம். உள்ளே தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. இழுக்க இழுக்க அது வலுவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு அளவு வந்ததும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவும்; உள்ளேயுள்ள இரும்புக் கட்டி ஓடிப்போய், நட்டைக் கவ்வியிருக்கும் முனையை இடித்துத் திருப்பும். அடி முழுக்க நட்டுக்கு, கைக்கு ஒன்றுமில்லை. ஒரு அடிக்கு அசையாத நட்டு பத்து அடிக்கு அசையும் என்றாள். இதெல்லாம் வெத்துவேட்டு என்று சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

மூன்று மாதம் வீட்டு வாசலில் ஒரு பழைய லாரிச் சக்கரத்தை வைத்துப் பழகினாள். சாயங்காலம் உப்பங்கழிக் காற்று வரும். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள். இழுப்புக்கும் அடிக்கும் நடுவே ஒரு நொடி எல்லாமே நின்றுபோகும். காற்றுகூட நின்ற மாதிரி இருக்கும். பிறகு, டக். அந்த ஒரு நொடிக்காகவே தினமும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவளிடம் சொன்னதில்லை.

கடையை மறுபடி திறந்த அன்று மத்தியானம் முதல் லாரி வந்தது. பழைய வண்டி, இடது பின்சக்கரம். ரோடு கானலில் மிதந்துகொண்டிருந்தது. டக், டக் என்று இருபது அடி. நட்டு அசையவே இல்லை. டிரைவர் திருநாவுக்கரசு, அடுத்த கடை எவ்வளவு தூரம் என்று என்னைக் கேட்டார். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. சாதா ஸ்பேனரில் சொருகி நெம்புகிற ஆளுயரப் பைப்பை எடுத்துக்கொண்டு போனேன். நான் கழற்றினால் அவள் கடை அன்றோடு முடிந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கை வெக்காதீங்க" என்றாள்.

நட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றாள். தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு மெல்லச் சிரித்தாள். இந்த மாதிரிப் பழைய லாரியில் இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழாக இருக்கும். மற்ற நட்டை இறுக்குகிற பக்கம் திருகினால்தான் இது கழலும். பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் பழகியது வலப்பக்கச் சக்கரம். அந்தப் பழக்கத்தில் இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அடி எதிர்ப்பக்கம் விழுகிற மாதிரி, ஸ்பேனரின் முனையைக் கழற்றி மறுபக்கம் மாட்டினாள். இருபது அடியும் வாங்கி இறுகிப்போன நட்டு. அவசரப்படாமல் இழுத்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாவது அடியில் நட்டு முனகிக்கொண்டே திரும்பியது.

பைப்பும் கையுமாக நின்றிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

"அத ஓரமா வெச்சிட்டு ஜாக்கிய எடுத்துட்டு வாங்க" என்றாள். "இன்னும் ஏழு நட்டு இருக்குது."