மஸ்காராவின் நான்காவது குறை

முதல் நாள்

எழுபத்தெட்டில் மதுரை மேலமாசி வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. புருஷன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது முதலாளிக்குத் தெரியும். தெரிந்தேதான் முதல் நாள் காலையில் ஒரு சின்ன டப்பாவை என் முன்னால் வைத்தார்.

"இதப் போட்டுக்கிட்டு கவுண்டர்ல நில்லுத்தா. மை விக்கிறவ கண்ணு வெறிச்சுன்னு இருந்தா எவ வாங்குவா?"

அது மஸ்காரா. இப்போது வருவதுபோல் குழாயும் குச்சியும் இல்லை. டப்பாவுக்குள் கறுப்பாக ஒரு கட்டி, கூடவே ஒரு குட்டி பிரஷ். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, கட்டியில் தேய்த்து, இமை முடியில் தடவ வேண்டும். கடையில் இருந்ததிலேயே மலிவான சரக்கு அதுதான். எட்டு வருடம் அதை விற்றேன். நானும் அதையேதான் போட்டேன். விலை கூடியது எத்தனையோ வந்தன, எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் விற்ற விதம்

கவுண்டரில் எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. சரக்கின் குறையை முதலில் சொல்லிவிடுவேன். "வேர்த்தா கரையும். சாயங்காலத்துக்குள்ள பொடிப்பொடியா கன்னத்துல உதிரும். பிரஷ் ரெண்டு மாசம்தான் வரும், அப்புறம் பழைய டூத் பிரஷ்தான்." இந்த மூன்றையும் சொன்ன பிறகுதான் நல்லதைச் சொல்வேன். கண் எரியாது. பச்சைத் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். தினமும் போட்டாலும் ஒரு டப்பா ஒரு வருடம் வரும்.

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நம்பி வாங்கியவர்கள் தங்கையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமுக்கே சேர்த்து வாங்கிப் போனார்கள். கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்கள், "அந்தப் பொண்ணே எடுத்துக் குடுக்கட்டும், ராசியான கை" என்பார்கள். நான் புருஷன் இல்லாதவள் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

வைகாசி முகூர்த்தம்

மறு வருடம் வைகாசியில் உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வளையல், பொட்டு எல்லாம் எடுத்தாயிற்று. மஸ்காரா டப்பாவை நீட்டினேன். பக்கத்தில் ரிப்பன் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் விளாங்குடித் தெருக்காரி ஒருத்தி அந்த அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ஏங்க, தாலியறுத்தவள நிப்பாட்டி வச்சா கல்யாணச் சாமான் விக்கிறீக? இவ கையால எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று முதலாளியைப் பார்த்துச் சத்தம் போட்டார். கடை நிறையக் கூட்டம். எல்லாரும் என் கண்ணையே பார்த்தார்கள்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதத்தா. மைய அழிச்சிட்டு குடோனுக்குப் போயி லேபிள் ஒட்டு. முகூர்த்தமெல்லாம் முடியட்டும்."

அந்தக் கடையில் குடோனுக்குப் போன எந்தப் பெண்ணும் கவுண்டருக்குத் திரும்பியதில்லை. அங்கே பாதிச் சம்பளம். அதில் தனியாகக் குடியிருக்க முடியாது. அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே விசேஷம் என்றால் என்னை அடுப்படியை விட்டு வெளியே வர விடமாட்டார்கள். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"போடச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி? அழிக்க மாட்டேன். அவுகளுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் தடுப்பதற்குள் கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மாவைப் பார்த்தே சொன்னேன். "வேர்த்தா கரையும்மா. கன்னத்துல உதிரும். பிரஷ் ரெண்டு மாசம்தான் வரும். நாலாவது, இத விக்கிறவளுக்குப் புருஷன் இல்ல. குறைன்னு உள்ளது இம்புட்டுத்தான். வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்."

முதலாளி துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை தலை குனிந்து நின்ற கல்யாணப் பெண் வாயைத் திறந்தாள்.

"அழுதாலும் கரையுமாக்கா?"

"கரையும்."

"அப்ப நான் அழுகாம இருந்துக்கிறேன். குடுங்க."

அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை, உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டே நின்றாள். டப்பாவை அதில் வைத்தேன். எனக்குத்தான் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்து மை கரைந்தது. துடைக்காமல் அடுத்த ஆளைக் கவனித்தேன்.

அன்றிலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வந்த எல்லாரிடமும் நான்கையும் சொன்னேன். சிலர் வாங்காமல் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். முதலாளி குடோன் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. கடை வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒளித்து வைத்தால் ரிப்பன் வாங்க வந்தவள்கூட நம்மை மிரட்டலாம். நாமே முதலில் சொல்லிவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வருடம் விற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மஸ்காராவுக்குக் குறை மூன்றுதான். நான்காவது வாங்க வந்தவர்களிடம் இருந்தது.