அப்பா கண்டெடுத்த கண்ணாடிக் குப்பி

எனக்கு ஒன்பது வயதானபோது, சுவிஸின் சோலோதுர்ன் நகரில் தான் கூலிக்கு நின்ற ஒரு கட்டட வேலையை அப்பா மூன்று கிழமை நிற்கப் பண்ணினார். கார் நிறுத்துமிடம் ஒன்றுக்காக நிலம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் பச்சையாக ஏதோ மினுங்க, அவர் கையை உயர்த்தி இயந்திரத்தை மறித்துவிட்டு, விரலாலேயே மண்ணை விலக்கினாராம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குப்பி. ஒரு கீறல்கூட இல்லை. மேற்பார்வையாளர் ஏசினார். தொல்பொருள் ஆட்கள் வந்து அப்பாவின் கையைக் குலுக்கிப் பாராட்டினார்கள்.

நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. குப்பியை அருங்காட்சியகத்தில் வைத்து எங்களை அழைத்தபோது, அதன் கீழே அப்பாவின் பெயர் இருக்கும், படமெடுத்துக் காட்டி எல்லாருடைய வாயையும் அடைக்கலாம் என்ற ஒரே எண்ணத்தோடுதான் போனேன். அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார்.

அட்டையில் ஊர்ப் பெயரும் காலமும் மட்டுமே இருந்தன.

அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணி ஜெர்மனில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். ரோமர் காலத்தின் கடைசிப் பகுதி. வாயால் ஊதிச் செய்தது. வாசனை எண்ணெய் வைத்திருப்பார்கள். மண்ணுக்குள் கிடந்து கிடந்துதான் மேலே அந்த வானவில் நிறம் படிந்ததாம். பிறகு தோண்டியபோது பக்கத்தில் எலும்புகளும் கிடைத்தன. ஒரு சின்னப் பெண்பிள்ளையின் புதைகுழி அது. குப்பியைத் தலைமாட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பிள்ளையை இப்ப எங்க வச்சிருக்கினம் எண்டு கேள் குஞ்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாராவது எலும்பைப் பற்றி விசாரிப்பார்களா? அதற்குப் பதிலாக, அப்பாவின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கண்டெடுத்தவர்களின் பெயரை எழுதுவதில்லை என்று அந்தப் பெண்மணி அன்பாகவே சொன்னார்.

"என்னவாம்?"

"தெரியாதாம் அப்பா."

"ஓம்" என்றார் அப்பா. அம்மா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து, "வாங்கோ, போவம்" என்றார்.

எனக்கு முன்னே ஓர் அக்கா இருந்தாள் என்பதை இருபது வயதில்தான் அறிந்தேன். ஊரில் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து நடந்தபோது காய்ச்சலில் போய்விட்டாளாம். வழியில் யாருடையவோ வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டு நடந்திருக்கிறார்கள். பிறகு அப்பா எத்தனையோ பேரிடம் அந்த இடத்தைத் தேடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தெரியாது என்றே எல்லாரும் சொன்னார்களாம்.

அன்று அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். பெயர் போடாத கோபத்தில் நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன்.