லாயிட் தின்ற முட்டை

குணசேகர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் இறங்கி ஏறியவர். அவர் சொல்லும் ஆழத்தை நம்பினால், இன்னும் நாலு அடி தோண்டியிருந்தால் அமெரிக்காக்காரன் சமையலறையில் தலை நீட்டியிருப்பார். சுரங்கத்தை மூடியதும் தினம் ரயிலேறி பெங்களூரு வந்து காவல் வேலை பார்த்தார். பிறகு அங்கேயே ஜீவனஹள்ளியில் மகள் பார்கவியோடு தங்கிவிட்டார். மனைவி இறந்து இந்த ஒரு வருஷமாகச் சாப்பாடு என்றால் டீயும் பன்னும்தான். கொடியில் தொங்கும் சட்டைக்கும் அவர் போட்டிருக்கும் சட்டைக்கும் வித்தியாசமே தெரியாது.

எழுபத்து மூன்றாம் வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிரேசர் டவுன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தட்டு வந்தது: சோறு, பருப்பு, அவித்த முட்டை இரண்டு. பார்கவிக்குப் பகீரென்றது. தையல் போட்ட உடம்புக்கு முட்டையும் பருப்பும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்பது அவள் வீட்டுப் பத்தியம். வருகிற முட்டையை எல்லாம் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்; ராத்திரியானால் குப்பையில் கொட்டினாள். அப்பாவுக்கு வெறும் கஞ்சித் தண்ணீர்.

"ஊட்டா ஆச்சா தாத்தாக்கு?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பாள் நர்ஸ் ஜானகி.

"ஆச்சு சிஸ்டர். தட்டு காலி."

மூன்றாம் நாள், பட்டப்பகல் மூன்று மணி. குணசேகர் கட்டில் கம்பியை விரலால் தட்டினார். டங். டங். டங். சுரங்கத்தில் ஆள் இறங்கும் கூண்டுக்கு அவர் காலத்தில் அடித்த மணி. பார்வை பார்கவியைத் துளைத்துக்கொண்டு எங்கோ போனது.

"நைனா, இன்னா பண்ற?"

"யாரும்மா நீ? பொம்பளைங்க இங்க வரக்கூடாது. கூண்டு வந்துடுச்சு, நான் கீழ போவணும்."

காலைத் தரையில் வைக்கப்போனவரை ஜானகி ஓடிவந்து பிடித்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு இப்படிக் குழப்பம் வரும்மா. சத்தில்லாத உடம்புன்னா இன்னும் சுலபமா வரும். வேற காரணம் இருக்கான்னும் பாக்கறோம். எழுந்து நடந்தார்னா எலும்புல போட்ட ராடு பெயர்ந்துடும், அப்புறம் படுக்கைதான். ஒழுங்கா சாப்பிடறாரா?"

பார்கவி வாயைத் திறக்கும் முன்னால் குணசேகர் சிரித்தார்.

"எங்க சார் சாப்பிடறது? என் முட்டைய லாயிட்டுதான் துன்றானே. தோ, கட்டிலுக்குக் கீழ குந்திக்கினு."

லாயிட் அவரோடு சுரங்கத்தில் வேலை செய்தவன். பாறை சரிந்து, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போனவன்.

பார்கவியின் முதுகில் ஐஸ் லாரியே கவிழ்ந்தது. பையை இழுத்துத் திறந்தாள். காலையில் போட்டது இரண்டு. இருந்தது ஒன்று. பக்கத்தில் ஓடு மட்டும், சுத்தமாக உரித்தபடி. எலியாக இருக்கும் என்றாள் ஜானகி. எந்த ஊர் எலி முட்டையை உரித்துத் தின்கிறது?

"டாக்டர், நான்தான் குடுக்கல. சீழ் புடிக்கும்னு..."

"புண்ணு ஆறறதே இதுலதாம்மா!"

புதுத் தட்டு வந்தது. சோற்றைக் கொண்டுபோனால் குணசேகர் வாயைப் பூட்டிக்கொண்டார். "லாயிட்டு கூப்பிடறான். நான் போறேன்."

பார்கவி மண்டி போட்டாள். கட்டிலுக்கு அடியில், பகலிலும் போகாத இருட்டைப் பார்த்துப் பேசினாள். "லாயிட் மாமா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நைனாவ கீழ கூப்பிடாதீங்க. இனிமே அவர் சோத்த நான் எடுக்கமாட்டேன்."

எழுந்து பார்த்தால், சோற்றுக்காக அப்பாவின் வாய் திறந்திருந்தது.

நாலு நாள் ஊட்டினாள். நடுவில் இரண்டு தடவை மணி அடித்தார். ஐந்தாம் நாள் காலை, பார்வை நேராக அவளிடம் வந்து நின்றது.

"பார்கவி, இது எந்த எடம்மா?"

அவள் அழுத அழுகையில் பெங்களூருக்கு ஒரு வாரம் காவிரித் தண்ணீரே தேவைப்பட்டிருக்காது.

"லாயிட் மாமா போயிட்டாரா நைனா?"

"அவன் செத்து எத்தினி வருஷமாவுது! உனக்கு இன்னா பைத்தியமா?" முட்டையை நிதானமாக மென்று விழுங்கினார். "ஆனா நீ மாமான்னு கூப்ட்டதுல பையனுக்கு ரொம்ப குஷி."

பார்கவி பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.