இரண்டு கணினிகளில் எலிசாள்

என் அக்கா எலிசாளின் குரல் இரண்டு கணினிகளில் இருக்கிறது. ஒன்று திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில். மற்றொன்று தம்பானூரில், ஒரு லாட்ஜின் பின்பக்க மாடியில் இருக்கும் ஒலிநூலகத்தில். அவள் உயிரோடு இருந்தவரை இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அப்படி இருக்கவேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம் இருந்தது.

நாங்கள் பாறசாலைப் பக்கத்துக்காரர்கள். அக்கா தமிழில் பி.ஏ. முடித்தாள். ஒரு கல்யாணம் பேசி, நாள்கூடக் குறித்து, நின்று போயிற்று. பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தாள். சாலை பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றாள். அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் தங்கப்பன் சார் வேட்டி வாங்க வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒலிநூலகத்தை நடத்துகிறவர்.

“கரை என்ன நெறம் பிள்ளே?” என்று கேட்டிருக்கிறார்.

“பழுத்த பாக்கு நெறம் சார்.”

“பாக்கு நெறம் மட்டும் எனக்குத் தெரியுமாக்கும்?”

அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியதாம். அவர் சிரித்துவிட்டு, “சாரமில்ல, விடு. இந்தத் தொண்டையை வச்சிட்டு எதுக்கு வேட்டி விக்க? புஸ்தகம் வாசிப்பியா?” என்று கேட்டார். தொண்ணூற்றொன்பதில் அக்கா அங்கே போய்ச் சேர்ந்தாள்.

மலையாளத்தில் வாசிக்க அங்கே பலர் இருந்தார்கள். தமிழ்வழியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லாப் பாடங்களும் அவள் குரலில்தான் இருந்தன. பாடத்தின் கடைசியில் பயிற்சி வினாக்கள் வரும். ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் பிள்ளைகள் பதில் சொல்லிப் பார்க்கச் சிறிது நேரம் சும்மா விடவேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்கா அந்த நேரத்தை அளந்து விடமாட்டாள். மனசுக்குள் தானே பதிலைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போவாள்.

லாட்ஜின் கீழே பேருந்து நிலையம். மதியத்துக்குமேல் ஹார்ன் சத்தத்தில் அங்கே ஒன்றும் பதிவு செய்ய முடியாது. ஆகவே வீட்டிலும் ஒரு பழைய கணினியை வாங்கி வைத்தோம். நூலகத்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை மேசை இழுப்பறைபோல முன்னால் உருவியெடுக்கலாம். அதைத் துவாலையில் சுற்றிச் சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறுவாள். யாராவது இடித்தால், “மெல்ல போங்க, பிள்ளைகளுக்க பாடம் இருக்கு” என்பாள். பைக்குள் பரீட்சைத் தாள் இருப்பதாக நினைத்து ஆட்கள் விலகி நிற்பார்கள்.

வீட்டில் பதிந்ததை நூலகத்தில் வேலை பார்க்கும் சுசீலாபாய் சேச்சி சுத்தம் செய்வார். இருமல், தொண்டைச் செருமல், பக்கம் புரட்டும் சத்தம், காக்கை, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவார். திரையில் குரல் மலைத்தொடர்போலத் தெரியும். இருமல் அதில் ஒற்றை முள்ளாக நிற்கும். புத்தகத்தில் இல்லாத எதுவும் பதிவில் இருக்கக்கூடாது என்பது சேச்சியின் கறாரான சட்டம்.

முதலில் எந்தக் கோப்பு புதியது, எது பழையது என்பதைக் கையால்தான் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை சேச்சி சுத்தம் செய்து வைத்திருந்த வேதியியல் பாடத்தின் மேலே, அக்கா வீட்டிலிருந்த பழைய கோப்பைத் தெரியாமல் போட்டுவிட்டாள். அந்தப் பதிவின் நடுவில் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு வரி இருந்தது. அது அப்படியே பிள்ளைகளிடம் போய்விட்டது. சில வாரம் கழித்துத் தங்கப்பன் சார் போன் செய்தார்.

“எலிசாளே, ஆக்சிஜன் தயாரிக்க எவ்வளவு பால் வேணும்னு பிள்ளைகள் கேக்குதுவ.”

“பாலா? என்ன சார் சொல்லுதிய?”

“அஜிதா வகுப்புல எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கு. ஆக்சிஜனைச் சேகரித்த பிறகு, லே தம்பி, கேஸை நிப்பாட்டு, பால் பொங்குகு. வாத்தியார் பாதி மார்க் குடுத்தாராம்.”

அக்கா அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. “பிள்ளைகள் நம்பி மனப்பாடம் பண்ணுதுவ லே” என்று இரண்டு தடவை சொன்னாள். அதன்பிறகுதான் நான் இரண்டு பக்கத்தையும் ஒத்துப்பார்க்கும் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். திரையில் இரண்டு பத்திகள் வரும். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் நூலகத்து டிஸ்க். எந்தப் பக்கம் புதியதோ அங்கிருந்து மற்றப் பக்கத்துக்கு ஒரு அம்பு காட்டும். பொத்தானை அமுக்கினால் பழையது போய்ப் புதியது வந்து உட்காரும். எல்லாம் முடிந்ததும் வரிசை முழுவதும் சமக்குறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அக்கா “ஆமென்” என்பாள். பிறகு தினமும் சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் இது ஒரு வேலையாயிற்று.

இன்னொரு பழக்கத்தையும் அவளாகவே பிடித்துக்கொண்டாள். யாராவது கூப்பிட்டால், முதலில் பதிவை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வாள். பாலே பொங்கி வழிந்தாலும் சரி.

இரண்டாயிரத்து மூன்று, துலாம் மாதம், அதாவது ஐப்பசி. சாயங்காலமானால் இடியும் மழையும். மின்னல் வெட்டத் தொடங்கினால் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். அப்படிப் பிடுங்கி வைத்திருந்த ஒரு நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அந்த வாரம் முடியும் முன்பே ஆஸ்பத்திரியில் இறந்து போனாள். பிளக் பிடுங்கினபடியே கிடந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்துதான் அதைத் திரும்ப மாட்டினேன். உள்ளேயிருந்த சின்ன பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னால் போயிருந்தது. திரையின் மூலையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஜனவரி ஒன்று என்று இருந்தது. அந்தக் கணக்கில் அக்கா இன்னும் சாலை பஜாரில் வேட்டி விற்றுக்கொண்டிருக்கிறாள். தங்கப்பன் சார் கடைக்கு வரவேயில்லை. நான் தேதியைத் திருத்தவில்லை.

எனக்கு அவள் பேச்சு வேண்டியிருந்தது. வீட்டில் கேசட் எதிலும் அவள் பேசியது இல்லை, உறவுக்காரர் கல்யாண வீடியோக்களிலும் அவள் பின்னால் நிற்பாளே தவிர வாய் திறந்திருக்கமாட்டாள். கணினியில் நாள்கணக்கில் கேட்கலாம் என்னும்படி அவள் குரல் இருந்தது. ஒன்றிலும் அவளுடைய சொந்த வார்த்தை கிடையாது. உப்புகள், அமிலங்கள், வட்டத்தின் பரப்பு, வாக்கிய வகைகள். சேச்சி அங்கே வெட்டியதெல்லாம் அந்தந்த நாளிலேயே இங்கும் இல்லாமல் போயிருந்தது. இரண்டும் சமமாக இருக்கவேண்டும் அல்லவா.

இருந்தாலும் போட்டுவிட்டுச் சமையல் செய்வேன். ஒருநாள் பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று, “எலிசாளு எப்பம் வந்தா?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வேலிப் பக்கம் துணி காயப்போடுவதில்லை.

வினாக்கள்தான் கஷ்டமாக இருந்தன. “நடுநிலையாக்கல் என்றால் என்ன?” என்று அக்கா கேட்பாள். பிறகு காத்திருப்பாள். வீடு முழுவதும் அந்தக் காத்திருப்பு நிற்கும். மூச்சுச் சத்தம்கூட இருக்காது, அதையும் சேச்சி எடுத்திருப்பார். எனக்கு அடுப்படியில் கை ஓடாது. ஒருநாள் பதில் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் அடுத்த வினாவைக் கேட்டாள். நேரம் சரியாக இருந்தது. அன்றைக்குக் கணினியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஒரே ஒரு கோப்பை மட்டும் நான் திறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் புவியியல், கடைசிப் பாடம், பருவக்காற்றுகள். காய்ச்சலுக்கு முந்தின சாயங்காலம் பதிந்தது. நூலகத்துக்குப் போகாதது, சேச்சியின் கை படாதது. அதற்குள் அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரு சலிப்பு, ஒரு ‘சே’, யாரையாவது ஒரு திட்டு. ஒரு வார்த்தை போதும் எனக்கு. திறந்து பார்த்து இல்லையென்று தெரிந்துவிட்டால் பிறகு எங்கேயும் இல்லை. அதனால் திறக்காமல் இருந்தேன்.

பிப்ரவரியில் சேச்சி போன் செய்தார். மார்ச்சில் பரீட்சை, பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேதப்புத்தகமும் டிஸ்க்கும் ஒரே பையில் வைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் திரையைத்தான் பார்த்தார்.

“என்ன தம்பி, தொண்ணூத்தெட்டுலயா இருந்து பொழைக்குத?”

“பேட்டரி போச்சு சேச்சி.”

“பேட்டரி போனா மாத்தணும். இல்லேன்னா இனி செய்யுகதெல்லாம் பழசுன்னு காட்டும், அம்பு தலைகீழா நிக்கும்.”

பேசிக்கொண்டே தேதியைச் சரிசெய்துவிட்டார். நான் தடுக்கவில்லை. மென்பொருளைத் திறந்தார். வரிசையாகச் சமக்குறிகள், கடைசியில் ஒரே ஒரு அம்பு. வீட்டிலிருந்து நூலகத்துக்கு.

“கேட்டியா இதை?”

“இல்ல.”

“இவ்வளவு நாளும்?”

சேச்சி எழுந்திருக்கப் பார்த்தார். “நான் வெளிய நிக்கட்டா?” என்றார்.

“வேண்டாம். இருங்க.”

சேச்சி கோப்பைத் திறந்தார். அக்கா பாடத்தின் தலைப்பை வாசித்தாள். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று. வெளியே மழை கேட்டது, பதிவுக்கு உள்ளே. தூரத்தில் ஒரு இடி. இரண்டு இடத்தில் இருமல் வரப்போகும் தொண்டை அடைப்பு தெரிந்தது, ஆனால் இருமுவதற்கு முன்பே அவள் பதிவை நிறுத்தியிருந்தாள். ஒரு ‘சே’ கிடையாது. சேச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு வேலையே வைக்கல்ல பாரு” என்று முணுமுணுத்தார்.

வினாக்கள் வந்தன. கடைசி வினா, “உங்கள் ஊரில் மழை பெய்யும் மாதங்கள் எவை?” பிறகு காத்திருப்பு. சேச்சி இன்னும் துடைக்காத காத்திருப்பு. மழை, மின்விசிறி, அக்காவின் மூச்சு. வேலிப் படலையின் கொண்டி விழும் சத்தம், யாரோ உள்ளே வருகிறார்கள். பிறகு ஒரு ஆள் குரல், குடையை உதறிக்கொண்டே:

“என்னக்கா, லைட்டும் போடாம இருட்டுல இருக்க?”

என் குரல். அலுவலகத்திலிருந்து வந்த என் குரல். நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள், பேசுவதற்கு முன்னால் இழுப்பதுபோல. அதோடு ‘டக்’ என்று ஒரு சத்தம். பதிவு முடிந்துவிட்டது.

சேச்சி நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“இன்னும் ஒருக்கா போடட்டா?” என்றார் பிறகு.

“வேண்டாம் சேச்சி.”

“இதுல அக்காவை வெட்ட ஒண்ணுமில்ல. ஒன்னைத்தான் வெட்டணும்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொத்தானை அமுக்கினார். பாடம் டிஸ்க்குக்குப் போயிற்று. சமக்குறி வந்தது.

பரீட்சைக்கு முன்னால் பாடம் பிள்ளைகளிடம் சேர்ந்துவிட்டது. ஏப்ரலில், பாடநூலில் நீக்கிய பகுதிகளைப் பதிவுகளிலும் வெட்டியாயிற்று என்று சேச்சி மறுபடியும் டிஸ்க்கோடு வந்தார். பருவக்காற்றுகள் என்ற வரியில் இப்போது அம்பு இந்தப் பக்கம் திரும்பி நின்றது. நூலகத்தில் சுத்தம் செய்த பாடம் வீட்டுக்கு வரக் காத்திருந்தது. அதில் மழை இருக்காது, கொண்டிச் சத்தம் இருக்காது, அந்த மூச்சு இருக்காது. சேச்சியின் கை மௌஸில் இருந்தது. அமுக்கவில்லை.

“வேற பேருல ஒண்ணு எடுத்து வச்சிட்டு இதை மாத்தலாம்” என்றார். “ரெண்டும் இருக்கும்.”

“இந்தப் பேருல அக்கா வச்சது இது சேச்சி.”

“அப்பம் சமமாகாது, கேட்டியா. எப்பம் திறந்தாலும் இந்த அம்பு நிக்கும்.”

“நிக்கட்டும்.”

அவர் அந்த வரியின் முன்னாலிருந்த குறியை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றினார். போகும்போது வாசலில் நின்று, “அவிய இருந்தா ஒன்னை ஏசியிருப்பாவ” என்றார். ஏசியிருப்பாள்தான்.

அந்தக் கோப்பை இப்போது எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நான் கேட்கிறேன், அவள் மூச்சை இழுக்கிறாள். அந்தச் சாயங்காலம் எனக்கு மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. சட்டை நனைந்திருந்தது. அவள் துவாலை எடுத்துக் கொடுத்தாள். கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம். மின்னல் வெட்டியதும் நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் எனக்கு ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள், பதில் சொல்லாமல் இருக்கிறவள் இல்லை அவள். அது என்ன என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.