திட்டும் உரிமை

அந்தத் தெருவில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது, ஆனால் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. "எதிர்க்கட்சி இப்பத்தான் வேலைக்குக் கிளம்பிச்சு" என்று அவளுடைய வீட்டுக்காரரே போனில் சொல்வார். அவளுடைய தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. சின்ன வெள்ளை வண்டி, கூரை மேல் 'எல்' பலகை, அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிடத்திலிருந்து அவள் நாட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"தண்ணிக் குழாய்க்காரன் தோண்டுவான், மூடுவான். மறுநாள் கேபிள்காரன் தோண்டுவான். ரெண்டு பேரும் ஒரே நாள்ல தோண்டினா குடியா முழுகிடும்? செகண்ட் போடுங்க. இந்த நாட்டுல பொறந்ததுக்குக் கல்லாப் பொறந்திருக்கலாம். கல்லாப் பொறந்தா மட்டும் என்ன, அதையும் நடுரோட்டுல கொட்டிட்டுப் போயிடுவான். கிளட்ச், கிளட்ச்!"

காலை வகுப்புக்கு வரும் பல் டாக்டர் ஒருநாள் சொன்னார்: "என் நாற்காலியில உட்கார்றவங்க வாயைத் திறந்துக்கிட்டுப் பேசாம இருப்பாங்க. உங்க வண்டியில நான் வாயை மூடிக்கிட்டுப் பேசாம இருக்கேன். கணக்கு சரியாப் போச்சு."

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தவளுக்குத்தான் திட்டுவதில் பங்குக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்தான். அவளுடைய சொந்தத் தம்பி. இளவயதில் வெளிநாடு போனவன், அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை, அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டான். இந்தத் தடவை ஒரு மாத விடுப்பில் தனியாக வந்திருந்தான். வாடகைக்குக் கார் எடுத்துச் சுற்ற ஆசை.

"முதல்ல என் வண்டியில ஓட்டிக் காட்டு. அப்புறம் ஊரைச் சுத்தலாம்" என்றாள் அக்கா.

அவன் போன நாட்டில் சாலையின் மறுபக்கம் ஓட்டுவார்கள். வண்டிக்குள்ளும் எல்லாம் இடம் மாறியிருக்கும். அதனால் அவன் திரும்ப நினைத்து இன்டிகேட்டரைப் போடும்போதெல்லாம் வைப்பர் எழுந்து ஆடியது. சுள்ளென்று வெயில் அடிக்க, வெறும் கண்ணாடியை அது சரக் சரக்கென்று துடைக்க, பின்னால் வந்தவர்கள் இவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று புரியாமல் ஹாரனை அமுக்கினார்கள்.

"என்னக்கா இது, எதுக்கெடுத்தாலும் ஹாரன்! வரிசைன்னு ஒண்ணு கிடையாதா? இவன் பாரு, எங்கேருந்து நுழையறான்!"

"கேளு, நல்லாக் கேளு! நான் சொன்னா எவன் கேக்கறான்?" என்று அக்கா பின்பாட்டு பாடினாள். முதல் நாள் இருவரும் சேர்ந்து நாட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

இரண்டாம் நாளும் அதே பாட்டுத்தான். ஆனால் நடுவில் அவன் சொன்னான்: "எங்க நாட்டுல இப்படித் தோண்டிப் போட்டா மறுநாளே கேஸ் போட்டுருவாங்க."

எங்க நாட்டுல. அந்த 'எங்க' அவளுக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தியது. கொஞ்ச தூரம் போனதும் அவன், "இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாதுக்கா" என்றான். அவள் போன வாரம்கூட பல் டாக்டரிடம் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தாள். இப்போதோ அவள் பக்கத்து பிரேக் அவளைக் கேட்காமலே அமுங்கியது. வண்டி குலுங்கி நின்றது.

"நீ சொல்லாதே."

"நீ சொல்றதைத்தானேக்கா நானும் சொல்றேன்?"

"நான் சொல்லலாம்டா. நான் இங்க கிடந்து அனுபவிக்கிறேன். நீ லீவுல வந்திருக்கே. திட்டிட்டு விமானம் ஏறிடுவே."

அவன் வீடு வரும்வரை சரியாக இன்டிகேட்டர் போட்டுத் திரும்பினான். அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

வீட்டு வாசலை ஒட்டி, கால்வாய் வேலைக்கென்று தோண்டிய குழி ஒன்று இருந்தது. மேலே போட வேண்டிய சிமென்ட் மூடி சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெருக்காரர்களுக்கு அந்த இடத்தில் கால் தானாகவே விலகிவிடும். தம்பியின் காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்று மாலை கடைக்குப் போய்த் திரும்பியவன் இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிவிட்டபோது கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

சமையலறையில் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டச் சொல்லி, ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தாள் அக்கா. அவன் வலியில் முகத்தைச் சுளித்தானே தவிர ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

"வாயை விட்டுத் திட்டித் தொலையேண்டா. எனக்கே பயமா இருக்கு."

"பழக்கமாயிடுச்சுக்கா" என்றான் அவன். "அங்கேயும் நான் திட்டறதில்ல. ஆரம்பத்துல ஒரு தடவை, வேலை செய்யற இடத்துல, பஸ் ஒழுங்கா வரதில்லன்னு சொன்னேன். கூட வேலை பாக்கறவன் நல்லவன்தான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், பிடிக்கலன்னா உங்க நாட்டுக்கே போயிடேன்னு. அன்னையிலேருந்து யார் எதைக் கேட்டாலும் 'ரொம்ப நல்லாயிருக்கு'ம்பேன். இங்க வந்தாத்தான் வாய் நிறையத் திட்டலாம்னு வருவேன். இங்க நீ வேண்டாங்கறே."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. அவள் அதைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். நாடு என்று இரண்டு இருந்தும் நாக்கை நீட்ட ஓரிடம் இல்லாமல் ஒரு மனுஷன் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அந்த வாரக் கடைசியில் வார்டு உறுப்பினர் நூலகக் கூடத்தில் குறை கேட்கும் கூட்டம் வைத்திருந்தார். எதிர்க்கட்சி தவறவிடாத கூட்டம் அது. தம்பியையும் கிளப்பினாள். அவன் நொண்டிக்கொண்டே வந்து முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தான். குழி பற்றிய பேச்சு வந்ததும் எழுந்தான்.

"ஐயா, நான் ஒரு விஷயம்..."

அவன் முடிப்பதற்குள் பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "தம்பி, நீங்க இப்ப இந்த நாட்டுக் குடிமகனே இல்லையே! விருந்தாளியா வந்தோமா, நாலு இடம் பாத்தோமா, போனோமான்னு இருங்க."

கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. தம்பி உட்காரப் போனான். அக்காவுக்கு முகம் சூடேறியது. வண்டியில் தான் சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. வெளியாள் வாயிலிருந்து வரும்போதுதான் அது இவ்வளவு அசிங்கமாகக் கேட்டது. எழுந்துவிட்டாள்.

"இவன் நம்ம தெருவுலதாங்க சைக்கிள் கத்துக்கிட்டான். அப்பவும் ஒரு குழியில விழுந்தான். உங்க கடையிலதான் மருந்து வாங்கிப் போட்டோம். அன்னைக்கு விழுந்த குழிக்கு இவன் நம்ம ஆளு, இன்னைக்கு விழுந்த குழிக்கு வெளியாளா? வீக்கம் இந்த மண்ணுல வந்ததுதான். அவன் பேசட்டும்."

மருந்துக்கடைக்காரர் கையை விரித்து, "பேசட்டும், நானா வேண்டாங்கறேன்?" என்றார்.

தம்பி பேசினான். ஒரு தடவைகூட 'எங்க நாட்டுல' என்று சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. குழியில் ஆரம்பித்து, அதன் பக்கத்திலேயே சும்மா சாய்ந்திருக்கும் மூடிக்கு வந்து, மூடியைத் தூக்க வேண்டிய இரண்டு பேர், அவர்களை அனுப்ப வேண்டிய ஒருவர், அவரைக் கேட்க வேண்டிய இன்னொருவர் என்று படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் மேடையில் இருந்த பொறியாளர் தண்ணீர் பாட்டிலைத் தேடும்வரை விடவில்லை. அத்தனை வருடம் தேக்கிவைத்தது இல்லையா, மடை திறந்தது போல வந்தது. வார்டு உறுப்பினரே சிரித்துவிட்டார். "எதிர்க்கட்சிக்கு இன்னொரு எம்.எல்.ஏ. வந்தாச்சு" என்று யாரோ சொல்ல, கூடமே கைதட்டியது.

வெளியே வந்ததும் தம்பிக்குக் கால் வலியே மறந்துபோயிருந்தது. "அக்கா, நான் வந்து இத்தனை நாளாச்சு. என் நாக்கு இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு" என்றான்.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். மூடியை எடுத்துக் குழிக்குப் பாதி தூரம் நகர்த்தினார்கள். டீ குடிக்கப் போனார்கள். அதற்கும் அடுத்த நாள்தான் திரும்பி வந்து மீதியையும் நகர்த்தினார்கள். அக்காவும் தம்பியும் ஜன்னலில் நின்று அதற்கும் சேர்த்துத் திட்டினார்கள். இந்தத் தடவை அவள் எந்த பிரேக்கையும் அமுக்கவில்லை.

விடுப்பு முடிந்து அவன் கிளம்பிப் போனான். கொஞ்ச நாள் கழித்து, அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி பல் டாக்டருக்காகக் காத்திருந்த நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, இங்க எங்க தெரு பஸ் ஸ்டாப்பை எடுத்துட்டாங்க. கூட்டம் போட்டாங்க. நான் எழுந்து பேசிட்டேன்."

"ஐயையோ, யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? உங்க நாட்டுக்குப் போன்னான் ஒருத்தன். போயிட்டுத்தாங்க வந்தேன், அங்கேயும் நல்லாத் திட்டிட்டுத்தான் வந்தேன், இப்ப இங்க முறைன்னேன். பக்கத்துல இருந்த கிழவி விழுந்து விழுந்து சிரிச்சா."

"பஸ் ஸ்டாப்பு?"

"பரிசீலிக்கறாங்களாம்."

"பரிசீலிக்கறாங்களா! அங்கேயும் அதே வார்த்தைதானா? என்ன பெரிய நாடுடா அது..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் திட்டலாமாடா? அந்த ஊர் எனக்கு என்ன உறவு?"

"தம்பி இருக்கற ஊருதானேக்கா? தாராளமாத் திட்டு."

அவள் சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள். பல் டாக்டர் வந்து ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.